ஆறு நாட்டு ஒயின் வாங்கினேன், ஆறும் ஒன்றுபோல இருந்தது. வீட்டில் ஒப்பிட்டுக் குடிப்பது எப்படி?

தல்லாகுளம்_மெல்பன்

எல்லோருக்கும் வணக்கம். மெல்பனுக்கு வந்து எட்டு வருஷம், ஒயின் பக்கம் வந்து மூன்று வருஷம். போன மாதம் ஒரு காரியம் செய்தேன். வேறு வேறு ஊர் ஒயின்களை வீட்டிலேயே ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று நண்பர்கள் ஐந்து பேரைக் கூப்பிட்டு, ஒரு இத்தாலிய கியாந்தி, ஒரு ஸ்பானிய ரியோஹா, ஒரு அர்ஜென்டினா மால்பெக், ஒரு போர்தோ, ஒரு நியூசிலாந்து பினோ நுவார், இங்கத்து பரோசா ஷிராஸ் என்று ஆறு பாட்டில் வாங்கி மேசையில் வரிசையாக வைத்தேன்.

முதல் இரண்டு கிளாஸ் வரைக்கும் எல்லோரும் கிளாஸைச் சுழற்றிச் சுழற்றி நிபுணர்கள் மாதிரி பேசிக்கொண்டிருந்தோம். மூன்றாவதில் மிக்ஸர் தட்டு வந்தது. நான்காவதுக்குப் பிறகு எது எது என்று யாருக்கும் தெரியவில்லை, ஒருவர் கியாந்தியையே மறுபடி ஊற்றிக்கொண்டு "முன்னாடி குடித்ததைவிட இது நல்லா இருக்கு" என்றார். மறுநாள் காலையில் சமையல் மேடையில் ஆறு அரைப் பாட்டில் நின்றன. என் மனைவி குடிப்பதில்லை. அவற்றை ஒரு பார்வை பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

இன்னொரு முறை செய்ய ஆசை. ஆறு பேர், 130 டாலருக்குள். எதை வாங்குவது, எப்படி ஊற்றுவது? இன்னொன்று, பாட்டில் பின்னால் எழுதியிருக்கிற பிளாக்கரண்ட், சீடர், வயலெட் எல்லாம் நான் வாழ்க்கையில் தின்றதும் இல்லை, முகர்ந்ததும் இல்லை. அது தெரியாமல் ஒயின் தெரியாதா?

புதுவை_லியோன்

தம்பி, நீங்கள் ஆறு ஒயினை ஒப்பிடவில்லை, ஆறு திராட்சை, ஆறு மண், ஆறு சமையல்காரர்களை ஒரே ராத்திரியில் கலக்கிவிட்டீர்கள். சாம்பாரையும் மோர்க்குழம்பையும் பக்கத்தில் வைத்து எந்த ஊர்ப் பருப்பு நல்லது என்று கேட்டால் எப்படி? ஊர் ஊராக வித்தியாசம் தெரிய வேண்டும் என்றால் திராட்சை ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே ரகம், மூன்று ஊர், அவ்வளவுதான். மூன்றுக்கு மேல் வீட்டில் வேண்டாம்.

மெல்பனில் இருக்கிற உங்களுக்கு ஷிராஸைவிட நல்ல ரகம் கிடைக்காது. நான் லியோனில் இருக்கிறேன், இங்கிருந்து ரயிலேறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் தாங்-லெர்மிதாஜ் வந்துவிடும். அங்கே ரோன் ஆற்றை ஒட்டி நிற்கிற ஹெர்மிதாஜ் குன்றில் விளைகிற சிராவும் உங்கள் பரோசா ஷிராஸும் ஒரே திராட்சை. பெயர்தான் வேறு. ஈரானில் ஷிராஸ் என்று ஊர் இருப்பதால் அங்கிருந்து வந்தது என்று ஒரு கதை ரொம்ப நாளாக ஓடியது. 1998-ல் மரபணுவைப் பார்த்தபோது அப்பா அம்மா இரண்டுமே தென்கிழக்கு பிரான்ஸைச் சேர்ந்த துரேஸா, மொந்தூஸ் பிளான்ஷ் என்ற திராட்சை ரகங்கள் என்று தெரிந்துபோனது. உங்கள் ஆஸ்திரேலியாக்காரர்களும் ரொம்ப காலம் இதை ஹெர்மிடேஜ் என்றே சொல்லிவந்தார்கள், பென்ஃபோல்ட்ஸ் கம்பெனியின் பெயர்பெற்ற ஷிராஸ் ஒயினான கிரேஞ்ச் 1989 அறுவடை வரைக்கும் லேபிளில் கிரேஞ்ச் ஹெர்மிடேஜ்தான்.

ஹெர்மிதாஜ் வாங்கச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள். அந்தக் குன்று மொத்தமே 140 ஹெக்டேர்கூட இல்லை, விலை அதற்கேற்ற மாதிரிதான். அதைச் சுற்றியிருக்கிற குரோஸ்-ஹெர்மிதாஜ் பத்து மடங்குக்கும் மேல் பெரிய இடம், அதில் ஒரு பாட்டில் போதும். லேபிளில் சிரா என்ற சொல்லைத் தேடாதீர்கள், பெரும்பாலும் இருக்காது. இங்கே ஊர்ப்பெயர்தான் எழுதுவார்கள், திராட்சை உனக்கே தெரிந்திருக்க வேண்டும் என்பது இவர்கள் எண்ணம். கொஞ்சம் திமிர்தான். புதுச்சேரியிலிருந்து வந்த புதிதில் எனக்கும் எரிச்சலாக இருந்தது.

இரண்டாவது, வெயில் ஊருக்காக, தெற்கு ஆஸ்திரேலியாவில் இருக்கிற பரோசாவிலிருந்து ஒன்று. அங்கே 1843-ல் நட்ட ஷிராஸ் கொடிகள் இன்னும் காய்க்கின்றன. பிலாக்சரா என்ற வேர்ப்பூச்சி இங்கே ஐரோப்பாவில் தோட்டம் தோட்டமாகத் தின்று தீர்த்துவிட்டது, அதனால் இங்கே அனேகமாக எல்லாமே அமெரிக்க வேரில் ஒட்டுக் கட்டியவை. தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் அந்தப் பூச்சி வரவே இல்லை. என்னிடம் கிழட்டுக் கொடி என்று இவர்கள் பெருமை பேசினால் நான் இதைத்தான் எடுத்து விடுவேன்.

மூன்றாவது உங்கள் விக்டோரியாவிலேயே மேற்கே இருக்கிற கிராம்பியன்ஸ். குளிர்ந்த இடம். நாடு ஆஸ்திரேலியா, வெயில் கிட்டத்தட்ட எங்கள் பக்கம். அது யார் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பதில்தான் வேடிக்கை.

சும்மாஒருவன்

எல்லாம் வெட்டி பந்தா. கண்ணைக் கட்டிவிட்டால் சிவப்பு எது வெள்ளை எது என்று யாருக்கும் தெரியாது. 12 டாலர் பாட்டில் வாங்கி ஐஸ் போட்டுக் குடிங்க.

மிளகுரசம்

சும்மாஒருவன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர் சொல்வது 2001-ல் வெளியான போர்தோ ஆய்வாக இருக்கலாம், ஆனால் அங்கே யார் கண்ணையும் கட்டவில்லை. ஒரு வெள்ளை ஒயினில் வாசமில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து 54 பேரிடம் முகரக் கொடுத்தார்கள், அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வர்ணித்தார்கள். கண் மூக்கை ஏமாற்றியது என்றுதான் அதற்கு அர்த்தம். மூக்கால் ஒன்றுமே தெரியாது என்று அர்த்தம் இல்லை. ஆகவே செய்ய வேண்டியது, கண்ணை வேலையிலிருந்து விலக்குவது.

நான் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன் (ஒயின் இல்லை, பிஸ்கட்). அங்கே நாங்கள் நிறம் தெரியாமல் இருக்கச் சிவப்பு விளக்கு போடுவோம். உங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு இருக்கிறதா? அது போதும். குறைந்தபட்சம் லேபிளையாவது மறையுங்கள். பேப்பர் சுற்றினால் மட்டும் போதாது, ஆஸ்திரேலிய பாட்டிலுக்குத் திருகுமூடி, பிரெஞ்சு பாட்டிலுக்குத் தக்கை, கழுத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஒரே மாதிரி மூன்று தண்ணீர் பாட்டிலில் ஊற்றி 1, 2, 3 என்று ஒட்டிவிடுங்கள். குடிக்காத ஒருவர் ஊற்றினால் இன்னும் நல்லது, உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருக்கிறார் என்று சொன்னீர்கள், கெஞ்சிப் பாருங்கள்.

முதல் சுற்று, ஆளுக்கு 50 மில்லி, மூன்று கிளாஸ். பேசாமல் எழுத வேண்டும். பேசினால் முதலில் வாய் திறந்தவர் சொன்னதே எல்லோர் மூக்கிலும் ஏறிவிடும். இரண்டாவது சுற்றுதான் முக்கியம், முக்கோணச் சோதனை என்போம். ஆளுக்கு மூன்று கிளாஸ், 30 மில்லி, அதில் இரண்டு ஒரே ஒயின், ஒன்று வேறு. வேறானது எது என்று காட்ட வேண்டும். வரிசையை ஆளுக்கு ஆள் மாற்றி வையுங்கள். பரோசாவை இதில் போடாதீர்கள், சுலபம். குரோஸும் கிராம்பியன்ஸும் போடுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு பங்கு சரியாக வரும் என்பதை மறக்கக் கூடாது. ஆறு பேரில் நான்கு பேர் சரியாகச் சொன்னால் துள்ளிக் குதிக்காதீர்கள், நான்கோ அதற்கு மேலோ அதிர்ஷ்டத்திலேயே வர பத்து சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஐந்து பேர் சொன்னால் அது இரண்டு சதவீதத்துக்கும் கீழே போய்விடும், அப்போது நம்பலாம்.

இனி என் பெயருக்கான விஷயம். குளிர்ந்த இடத்து ஷிராஸில் மிளகு வாசம் வரும், இது உவமை இல்லை. அடிலெய்டில் இருக்கிற ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2008-ல் வெளியிட்டார்கள், ரோட்டண்டோன் என்ற பொருள். நம் மிளகில் இருக்கிற அதே பொருள்தான் திராட்சைத் தோலிலும் இருக்கிறது. சிவப்பு ஒயினில் ஒரு லிட்டருக்கு 16 நானோகிராம் இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். ஆனால் சோதனையில் இருந்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு, அளவை மிக அதிகமாகக் கூட்டியும் அந்த வாசம் தெரியவே இல்லை. ஆகவே உங்கள் ஆறு பேரில் ஒருவர் "என்ன மிளகு, எனக்கு ஒன்றும் வரவில்லையே" என்றால் சண்டை போடாதீர்கள், அவர் பொய் சொல்லவில்லை.

நந்திமலை_அக்கா

மிளகுரசம் கணக்கெல்லாம் சொல்லிவிட்டார், நான் வீட்டு விஷயம் சொல்கிறேன். பெங்களூரில் நாங்கள் நாலு பெண்கள் மூன்று வருஷமாக மாதம் ஒரு தடவை இதைச் செய்கிறோம்.

வெள்ளிக்கிழமை வைக்காதீர்கள். சாம்பிராணி போட்ட வீட்டில் எந்த ஒயினும் சாம்பிராணி ஒயின்தான். எங்கள் முதல் கூட்டத்தில் ஒருத்தி தலைநிறைய மல்லிகை வைத்துக்கொண்டு வந்தாள், அன்றைக்கு நாலு பேரும் நாலு கிளாஸிலும் மல்லிகை வாசம் என்று எழுதினோம். காப்பியும் ஒரு மணி நேரம் முன்னாடியே நிறுத்திவிடுங்கள்.

மிக்ஸர் கூடவே கூடாது. நடுவில் வாயைத் துடைக்க உப்பில்லாத பொரி மாதிரி வேறு எதுவும் இல்லை, கடைகளில் விற்கிற ஒயின் பிஸ்கட்டைவிடப் பத்து மடங்கு நல்லது. ஒரு வாய் பொரி, ஒரு வாய் தண்ணீர், அடுத்த கிளாஸ். சாப்பாடு எல்லாம் முடிந்த பிறகு. அப்போதும் மிளகாயை அடக்கி வாசியுங்கள், 14.5 சதவீத ஒயினும் பச்சைமிளகாயும் சேர்ந்தால் எரிச்சல் இரட்டிப்பாகும்.

சூடு. சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்கணும் என்பார்கள், அது யாரோட அறை? ஐரோப்பாவின் பழைய கல்வீட்டு அறை. 16 முதல் 18 டிகிரி. நம் ஊர் மே மாசத்து அறையில் வைத்தால் சாராய நெடி மட்டும்தான் மேலே வரும். அரைமணி நேரம் பிரிட்ஜில் வைத்து எடுங்கள், மூன்று பாட்டிலும் ஒரே நேரம். வாங்குகிற இடத்தையும் பாருங்கள். ஒருமுறை இங்கே ஒரு கடையில் வெயில் விழுகிற கண்ணாடி ஓரம் நின்ற பாட்டிலை ஆசைப்பட்டு எடுத்து வந்தேன், திறந்தால் வதக்கிய பிளம்ஸ் மாதிரி ஒரு வாடை. நாசிக் ஷிராஸே இப்படித்தான் போல என்று ஒரு வருஷம் அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன், பாவம் அது வெந்துபோன பாட்டில்.

நாசிக் சொன்னதால் இதையும் சொல்கிறேன். நம் பக்கம் கொடி பனிக்காலத்தில் தூங்குவதே இல்லை, வருஷத்துக்கு இரண்டு முறை கவாத்து. மழை முடிந்து செப்டம்பர், அக்டோபரில் கவாத்து செய்து ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் பறித்துவிடுகிறார்கள். அதனால் பூமிக்கு வடபாதியில் இருந்தும் நாசிக் அறுவடை ஆஸ்திரேலியா அறுவடையோடுதான் வருகிறது. லியோன் அண்ணன் ஊரில் பறிப்பது செப்டம்பர் வாக்கில். லேபிளில் ஒரே வருஷம் போட்டிருந்தாலும் குரோஸ் ஆறு மாசம் இளையது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிளாக்கரண்ட் பற்றிக் கேட்டீர்கள். அதை விடுங்க தம்பி. ஷிராஸுக்கு நாவல்பழம் போதாதா? அந்தப் புளிப்பு, அந்த ஊதா, தின்ற பிறகு நாக்கு இழுத்துப் பிடிக்கிற துவர்ப்பு, எல்லாம் ஒரே பழத்தில் இருக்கிறது. இங்கிலீஷ்காரர்கள் டானினைப் புதுசாகக் கற்றுக்கொள்கிறார்கள், நமக்கு அறுசுவையில் ஒன்று துவர்ப்பு. அதிலும் வாழைப்பூத் துவர்ப்பு வேறு, கொட்டைப்பாக்குத் துவர்ப்பு வேறு, இதைச் சொன்னால் எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் உடனே புரிகிறது. மஸ்கட் ஒயினை முகர்ந்தால் கம்பம் பன்னீர் திராட்சை, புவியியல் குறியீடு வாங்கின அதே பழம், அதுவும் மஸ்கட் ஹாம்பர்க் ரகம்தானே. கருப்பட்டி, நல்லெண்ணெய், புதுச் செருப்புத் தோல், மழை விழுந்த மண், என்ன தோன்றுகிறதோ எழுதுங்கள்.

அப்புறம் துப்ப ஒரு பாத்திரம் வையுங்கள். எங்கள் வீட்டில் பாட்டி வெற்றிலைக்கு வைத்திருந்த பித்தளைப் படிக்கம் அதற்குத்தான் இப்போது பயன்படுகிறது. பாட்டி இருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசிப்பதில்லை.

தல்லாகுளம்_மெல்பன்

அக்கா, அண்ணா, எல்லோருக்கும் நன்றி. குரோஸ் 42 டாலர், கிராம்பியன்ஸ் 34, பரோசா 26, வாங்கியாகிவிட்டது. கணக்குப் போட்டேன், ஆளுக்கு 150 மில்லி, முக்கோணத்துக்கு 90, மொத்தம் 240. இங்கத்துக் கணக்கில் அதுவே இரண்டரை ஸ்டாண்டர்ட் டிரிங்குக்கு (ஒன்றுக்கு 10 கிராம் ஆல்கஹால்) மேல் வருகிறது, இங்கே வண்டி ஓட்ட ரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவீதத்துக்குள் இருக்கணும், ஆகவே எல்லோரையும் ரயிலில் வரச் சொல்லிவிட்டேன். மனைவி ஊற்றித் தர ஒப்புக்கொண்டாள். நிபந்தனை: பாத்திரம் நாங்கள் கழுவணும்.

ஒரு சந்தேகம், முன்கூட்டியே திறந்து வைக்கணுமா?

புதுவை_லியோன்

மூடியை மட்டும் திறந்து வைத்தால் ஒன்றும் ஆகாது, அந்தக் கழுத்து வழியாக எவ்வளவு காற்று போகும்? தண்ணீர் பாட்டிலுக்கு மாற்றி ஊற்றப்போகிறீர்களே, அதிலேயே காற்று பட்டுவிடும். அரைமணி முன்னால் போதும். குரோஸை மட்டும் ஊற்றும்போது முகர்ந்து பாருங்கள், ஈர அட்டைப்பெட்டி மாதிரி வாடை வந்தால் தக்கை கெட்டது என்று அர்த்தம், காற்றுப் பட்டாலும் போகாது, கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

தல்லாகுளம்_மெல்பன்

சனிக்கிழமை முடிந்தது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் குரோஸ் தக்கை பாதியில் உடைந்தது. சமையலறையிலிருந்து "அய்யோ" என்று சத்தம், போய்ப் பார்க்கவும் முடியாது, பார்த்தால் எந்த பாட்டிலில் எது என்று தெரிந்துவிடும், ஹாலில் இருந்தே நான் "வடிகட்டு, டீ வடிகட்டி, டீ வடிகட்டி" என்று கத்திக்கொண்டிருந்தேன். வடிகட்டிவிட்டாள். எங்கள் குரோஸில் ஏலக்காய் வாசம் இருந்தது என்று இரண்டு பேர் எழுதியதற்கு அதுதான் காரணம் என்று சந்தேகப்படுகிறேன்.

முதல் சுற்றில் பரோசாவை ஆறு பேருமே கண்டுபிடித்தோம். முகர்ந்ததுமே தேங்காய், கருப்பட்டி, பிறகு வாய் முழுக்க ஒரு தடிமன். தேங்காய் வாசம் அமெரிக்க ஓக் பீப்பாயிலிருந்து வருவதாம், பின்லேபிளைப் பிறகு பார்த்தேன், அமெரிக்க ஓக் என்று எழுதியிருந்தது. ஒரு விஷயத்தை யாருடைய உதவியும் இல்லாமல் சரியாகப் பிடித்தது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மற்ற இரண்டில் எது எது என்று மூன்று பேர் சரி, மூன்று பேர் தப்பு. முக்கோணம் நான்கு பேர் சரி. மிளகுரசம் முன்கூட்டியே வாயைக் கட்டிவிட்டதால் துள்ளிக் குதிக்கவில்லை. நான் அந்த நான்கில் இல்லை.

ஒருவர் கடைசி வரை மிளகு என்ற சொல்லையே எழுதவில்லை, கேட்டால் எந்த கிளாஸிலும் வரவில்லை என்றார். ஐந்தில் ஒருவரோ, அன்றைக்கு ஜலதோஷமோ தெரியாது. ஆனால் அவர்தான் எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தாலும் ரசத்தில் மிளகு பத்தவில்லை என்று சொல்லுகிறவர், அதனால் எனக்கு ஒரு சந்தேகம்.

எழுதியவற்றில் சில: குரோஸுக்கு நாவல்பழம், கருப்பு ஆலிவ், கசாப்புக் கடை (இது திட்டு இல்லை, பிடித்துத்தான் எழுதினார்). கிராம்பியன்ஸுக்கு நான் எழுதியது "தெரியவில்லை". மனைவி குடிக்கவில்லை, ஆனால் ஊற்றும்போது மூன்றையும் முகர்ந்திருக்கிறாள். எல்லாம் முடிந்து பெயரைச் சொல்லும்போது, இரண்டாம் நம்பரை ஊற்றும்போது தாளிக்காத ரசம் மாதிரி வாசம் வந்ததே, உங்கள் யாருக்கும் வரவில்லையா என்று கேட்டாள். இரண்டாம் நம்பர் கிராம்பியன்ஸ்.

மிளகுரசம்

அவரை எங்கள் கூடத்துக்கு அனுப்புங்கள், வேலை தருகிறோம்.

சும்மாஒருவன்

நான்கு பேர் சரி என்றால் பத்து சதவீதம் அதிர்ஷ்டம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நான் சொன்னதுதான் ஜெயித்தது.

மிளகுரசம்

பரோசாவை ஆறு பேருமே பிடித்தார்களே. மூன்று கிளாஸில் ஒன்று, ஆறு பேரும் குருட்டாம்போக்கில் என்றால் 729-ல் ஒரு வாய்ப்பு. அதை என்ன செய்வீர்கள்?

சும்மாஒருவன்

அது தேங்காய் அண்ணே, தேங்காய் எனக்கும் தெரியும்.

புதுவை_லியோன்

தம்பி, ஒரு கேள்வி. ஓட்டெடுத்தீர்களா, எது பிடித்தது என்று? அதைவிட முக்கியம், சாப்பாடு வந்ததும் எந்த பாட்டில் முதலில் தீர்ந்தது?

தல்லாகுளம்_மெல்பன்

ஓட்டில் குரோஸ் நான்கு, கிராம்பியன்ஸ் இரண்டு. பரோசாவுக்கு ஒரு ஓட்டுகூட இல்லை. மட்டன் சுக்கா வந்ததும் முதலில் தீர்ந்தது பரோசா. அக்கா சொன்ன மாதிரி எரியத்தான் செய்தது, எரிய எரியக் குடித்தார்கள். கிராம்பியன்ஸில் ஒரு டம்ளர் அளவு மிச்சம், சின்ன பாட்டிலில் விளிம்பு வரை ஊற்றி பிரிட்ஜில் வைத்திருக்கிறேன். மனைவி அதன் மேல் "ரசம்" என்று எழுதி ஒட்டியிருக்கிறாள், அம்மா ஊரிலிருந்து வியாழக்கிழமை வருகிறார், அதற்குள் முடித்தாக வேண்டும்.